கணக்குக் கேட்காத பொழுது

அன்புள்ள ஐயா,

நான் கரும்பு இனவிருத்தியில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். இது நான்காம் ஆண்டு. பிறந்தது கோபிக்குப் பக்கம், வாழ்க்கைப்பட்டது கோவையில். கணவர் பம்பு உதிரிபாகங்கள் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். நான் பெரிய விஞ்ஞானியாக வரவேண்டும் என்பதில் என்னைவிட அவருக்கே ஆசை அதிகம். காலையில் காரில் கொண்டுவந்து விட்டு, மாலை ஆறு மணிக்கு வந்து அழைத்துக்கொள்கிறார். வீட்டு வேலை எதையும் தொட விடுவதில்லை. என் கட்டுரைகளின் மேற்கோள் பட்டியலை இரவில் உட்கார்ந்து தட்டச்சு செய்து தருகிறார்.

ஆனால் என் மின்னஞ்சலின் கடவுச்சொல் அவரிடம் இருக்கிறது. யாருக்கு என்ன எழுதலாம் என்பதை அவர்தான் சொல்கிறார். கருத்தரங்குகளுக்குக் கூடவே வருகிறார். பூப்பருவத்தில் விடியும் முன்பே வயலில் நிற்கவேண்டியிருக்கும். அப்போதும் வரப்போரம் காரில் காத்திருக்கிறார். எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆனது என்று நான் ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும், சனிக்கிழமை அவர் பார்ப்பார். "கியூரி அம்மையாருக்குப் பியர் எப்படியோ, உனக்கு நான் அப்படி" என்பார். ஒருநாளும் கை நீட்டியதில்லை, கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. தோழிகள் கொடுத்துவைத்தவள் என்கிறார்கள். ஒருத்தி மட்டும் இது ஒருவகை மனநோய் என்கிறாள்.

இப்போது என் வழிகாட்டி, பிரேசிலில் இரண்டு ஆண்டு மேலாய்வுக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார். பட்டறையை விற்றுவிட்டு நானும் வருகிறேன் என்கிறார் கணவர். எனக்கு ஏன் மகிழ்ச்சி வரவில்லை என்று தெரியவில்லை. இத்தகைய துணை ஒரு விஞ்ஞானியை உயர்த்துமா, கெடுக்குமா? வரலாற்றில் எடுத்துக்காட்டுகள் உண்டா? நான் விண்ணப்பிக்கலாமா? தோழியின் முகவரியிலிருந்து இதை அனுப்புகிறேன். என் பெயரின்றி வெளியிடுங்கள்; அவர் படித்தாலும் சரி.

ஒரு வாசகி, கோவை

*

அன்புள்ள அம்மிணி,

பெயர் வேண்டாம் என்று எழுதியிருப்பதால், நம் பக்கத்தில் வீட்டுப் பெண்பிள்ளைகளைக் கூப்பிடும் சொல்லாலேயே கூப்பிடுகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு என் மனைவியிடம் கொடுத்தேன். அந்த நோட்டைப் பற்றிய வரி வந்ததும் அவள் அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அந்தக் காரணம் இல்லையென்றால் இந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதியிருக்கவே மாட்டேன்.

மனநோய் என்ற பேச்சை முதலில் தள்ளிவையுங்கள். உங்கள் தோழி நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் நம் வீடுகளில் நாள்தோறும் நடக்கிற ஒன்றுக்கு நோயின் பெயர் வைத்துவிட்டால் அதைச் செய்கிறவருக்கும் பொறுப்பில்லை, சகிக்கிறவருக்கும் பொறுப்பில்லை என்றாகிவிடும். கொடுத்துவைத்தவள் என்கிற தோழிகளுக்கும் நான் பதில் சொல்லப்போவதில்லை. அவர்கள் காரைப் பார்க்கிறார்கள், நோட்டைப் பார்க்கவில்லை.

கியூரியின் பெயரை மட்டும் அப்படி எளிதில் விட்டுவிட என்னால் முடியாது. பியர் கியூரி தன் மனைவிக்கு என்ன செய்தார் என்பது ஒளிவுமறைவில்லாமல் பதிவாகியிருக்கிறது. யுரேனியத்தின் கதிர்களை ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்டவர் மேரி. பியர், தன் அண்ணனோடு சேர்ந்து உருவாக்கிய நுண்ணிய மின்னளவிக் கருவியை அவர் கையில் கொடுத்தார். 1898-ல் அந்த வேலையின் எடை புரிந்தபோது, படிகங்களைப் பற்றிய தன் சொந்த ஆராய்ச்சியை நிறுத்திவைத்துவிட்டு மனைவியின் ஆராய்ச்சிக்குள் வந்து சேர்ந்தார். 1903-ல் நோபல் பரிசுக்குப் பியரையும், யுரேனியக் கதிர்களை முதலில் கண்டறிந்த பெக்கெரலையும் மட்டுமே எண்ணியிருந்தார்கள். செய்தி காதுக்கு எட்டியதும், மேரியையும் சேர்த்தே கருதவேண்டும் என்று பியர் எழுதினார். அவர்களுடைய ஆய்வுக் குறிப்பேடுகளில் இருவர் கையெழுத்தும் மாறி மாறி வருகிறது. இரண்டும் வேலை செய்த கைகளின் எழுத்து. ஒன்று எழுத மற்றொன்று சரிபார்த்துக் கையொப்பமிட்டதல்ல. 1906-ல் பியர் வண்டிச் சக்கரத்தில் சிக்கி இறந்தார். 1911-ல் மேரி வேதியியலுக்காக இரண்டாவது நோபல் பரிசைப் பெற்றார். தன்னைத் தூக்கி நிறுத்த அருகில் ஆள் இல்லாத நாளிலும் அவர் நின்றார். பியரின் பெயரைச் சொல்லிக்கொள்கிறவர் முதலில் கடவுச்சொல்லைத் திருப்பித் தரட்டும்.

எதிர்ப்பக்கத்து எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் கிளாரா இம்மர்வாரைப் படியுங்கள். 1900-ல், அன்றைய ஜெர்மனியின் பிரெஸ்லாவில் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர், மறு ஆண்டு ஃபிரிட்ஸ் ஹேபரை மணந்தார். நம் கரும்புக் காடுகளுக்குப் போகும் யூரியா மூட்டைக்கு ஆதாரமான வழியைக் கண்டவர் அந்த ஹேபர். தம் திருமண வாழ்வின் எட்டு ஆண்டுகளில் கணவர் எவ்வளவு பெற்றாரோ அவ்வளவும், அதற்கு மேலும் தான் இழந்துவிட்டதாக 1909-ல் கிளாரா தன் பழைய ஆசிரியருக்கு எழுதினார். அதற்கு மேல் அங்கே சொல்ல எதுவுமில்லை.

இவர்களைவிட எனக்கு நெருக்கமானவர் நம் ஈரோட்டில் பிறந்தவர். 1887 டிசம்பர் 22-ஆம் நாள் தாய்வழிப் பாட்டியின் வீட்டில் இராமானுஜன் பிறந்தார். அவருடைய தாய் கோமளத்தம்மாளைப் போல் மகனுக்காக உருகியவரும் இல்லை, மகனின் வாழ்வைத் தன் பிடியில் வைத்துக்கொண்டவரும் இல்லை. பெண் பார்த்து 1909-ல் மணமுடித்து வைத்தவர் அவர். நாமக்கல் நாமகிரித் தாயார் தன் கனவில் வந்து தடுக்காதே என்று சொன்ன பிறகே, மகன் கடல் கடக்க அந்தத் தாய் இசைந்ததாகச் சொல்லப்படுகிறது. கணக்கு தடைபடக்கூடாது என்று சோற்றைப் பிசைந்து மகனின் கையில் வைத்தார்கள் என்றும் அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் வருகிறது. இதைப் படிக்கிறவர்கள், அப்படியானால் கட்டுப்படுத்தும் அன்பு ஒரு மேதையை வளர்த்திருக்கிறதே என்பார்கள். நானும் பல ஆண்டுகள் மேடைகளில் அப்படித்தான் பேசிவந்தேன். இப்போது அதையே வேறுவிதமாகப் பார்க்கிறேன். அந்தத் தாயின் பிடி சாப்பாட்டுக்கு எட்டியது, திருமணத்துக்கு எட்டியது, பயணத்துக்கும் எட்டியது. சிலேட்டுக்கு மட்டும் எட்டவில்லை. கும்பகோணத்து வீட்டுத் திண்ணையில் முழங்கையால் அழித்து அழித்து மகன் எழுதிக்கொண்டிருந்ததைச் சரிபார்க்க அந்த வீட்டில் யாராலும் இயலவில்லை. அது இராமானுஜனுக்கு வாய்த்த பேறு. பிடி எட்டிய இடத்தில் நடந்ததையும் பாருங்கள். 1914 மார்ச்சில் அவர் கப்பலேறிய பிறகு, மனைவி ஜானகி எழுதிய கடிதங்கள் கணவருக்குப் போய்ச் சேராதபடி கோமளத்தம்மாள் தடுத்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். குளிரும் போரும் நோயும் சூழ்ந்த கேம்பிரிட்ஜில் அந்த மனிதர் மனைவியின் ஒரு வரிக்காகக் காத்திருந்தார். 1919-ல் உடைந்த உடம்போடு திரும்பி, மறு ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், 32 வயதில் போய்விட்டார். அந்தக் கடைசி ஓராண்டில் அருகிலிருந்து பார்த்துக்கொண்டவர் ஜானகி. அப்போது எழுதிய நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள் 1976-ல் கேம்பிரிட்ஜ் நூலகம் ஒன்றில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டு இன்றுவரை கணித அறிஞர்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருக்கின்றன. திருவல்லிக்கேணியில் துணி தைத்துப் பிழைத்த அந்த அம்மாள் கணவரிடம் எந்தக் கணக்கையும் விளக்கச் சொன்னவர் அல்ல.

இப்போது உங்கள் கரும்புக்கு வருகிறேன், ஏனென்றால் நான் எழுத நினைத்ததை உங்கள் துறை என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவைத்திருக்கிறது. 1912-ல் கரும்பு இனவிருத்திக்கு ஒரு நிலையத்தை நிறுவ எத்தனையோ ஊர்கள் இருக்கக் கோவையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், வடக்கே சரியாகப் பூக்காத, பூத்தாலும் முளைக்கும் விதை தராத கரும்பு இங்கே தாராளமாகப் பூத்து விதை கட்டுவதுதான். அந்த நிலையத்து விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கட்ராமனும் தோட்டக் கரும்பை நாணலோடு கலந்து உண்டாக்கிய கோ 205 என்ற ரகம் 1918-ல் வெளிவந்தது; நம் ஊரின் பெயரைத் தாங்கிய கரும்பு வடநாட்டு வயல்களை நிறைத்தது. 1930-களில் அதே நிலையத்தில் கரும்பை வேறு புல்லினங்களோடு கலந்து பார்த்த இ. கே. ஜானகி அம்மாள் (இவர் வேறு ஜானகி), மணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்து உலகறிந்த தாவரவியலாளரானார். ஆகவே நீங்களும் தனியாகத்தான் இருக்கவேண்டும் என்று நான் சொல்லவருவதாக எண்ணிவிடாதீர்கள், அது சோம்பேறித்தனமான முடிவு.

நான் சொல்லவருவது பூப்பதைப் பற்றி. கரும்பு பூக்க நீளும் இரவு வேண்டும், அந்த இருள் இடையில் அறுபடக்கூடாது. நள்ளிரவில் கொஞ்ச நேரம் விளக்கு வெளிச்சம் பட்டாலும் பூப்பது தள்ளிப்போகும், அல்லது நின்றே போகும் என்பது உங்கள் துறையின் பாலபாடம். தண்ணீருக்கும் எருவுக்கும் குறைவைக்காமல், பயிர் நலமாக இருக்கிறதா என்ற அக்கறையால் இரவுதோறும் விளக்கோடு வந்து பார்க்கிற ஒருவர் போதும், அந்தக் கரும்பு பூக்காது. அது வாடாது, நன்றாக வளரும், எடையும் நிற்கும். ஆலைக்காரருக்குப் பூக்காத கரும்புதான் வேண்டும், பூத்தால் நடுவில் சக்கையாகிச் சாறு குறைந்துவிடும் என்பார்கள். ஆனால் பூக்காத கரும்பிலிருந்து புதிய ரகம் ஒன்றும் வராது. உங்கள் கணவர் உங்களுக்குக் கொடுப்பதெல்லாம் தண்ணீரும் எருவும்தான், மனமார ஒப்புக்கொள்கிறேன். சனிக்கிழமை நோட்டு அந்த நள்ளிரவு விளக்கு.

ஆராய்ச்சி என்பது கணக்குக் கேட்கப்படாத பொழுதில்தான் நடக்கிறது. இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். ஒரு கட்டுரையை அட்டவணை போட்டு முடிக்கலாம். ஒரு பட்டத்தையும் முடிக்கலாம். ஆனால் இதுவரை யாரும் கேட்காத ஒரு கேள்வி ஒருவர் மனத்தில் எழவேண்டுமானால், தான் ஏன் அங்கே நிற்கிறோம் என்று அவருக்கே தெரியாத அரைமணி நேரம் தேவைப்படுகிறது. அதை இன்னொருவருக்கு விளக்கவேண்டும் என்ற நினைப்பு வந்த உடனே மனம் விளக்கக்கூடியதை மட்டும் செய்யத் தொடங்கிவிடும். கேட்கிறவர் அன்பாகக் கேட்கிறாரா, அதட்டிக் கேட்கிறாரா என்பதால் இதில் ஒரு வேறுபாடும் இல்லை. அன்பாகக் கேட்பவரிடம் தப்பிக்க வழியில்லை என்பதால் அது இன்னும் மோசம். அதட்டுகிறவனை எதிர்க்கலாம், குறைந்தபட்சம் வெறுக்கவாவது செய்யலாம்.

என் மனைவி விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காரணத்தைச் சொல்லும் இடம் இது. அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

1980-களின் பிற்பகுதியில் அவள் தாவரவியலில் ஆய்வு மாணவி. நான் ஒரு கல்லூரியில் தமிழ் ஆசிரியன். காங்கேயத்துக்கும் மூலனூருக்கும் இடைப்பட்ட கொறங்காடுகளில் கொழுக்கட்டைப் புல்லின் விதைகளைப் பற்றியது அவள் ஆய்வு. கிளுவை வேலி சூழ்ந்து, உள்ளே வெள்வேல மரங்கள் நிற்க, காங்கேயம் மாடுகள் தாமாக மேய்ந்து திரியும் அந்தக் காடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெண்பிள்ளை தனியாகக் காட்டுக்குப் போவதா என்று நானே அவளை ஸ்கூட்டரில் கூட்டிப்போவேன். வேல மரத்து நிழலில் உட்கார்ந்து அவள் எண்ணுவதையும் எழுதுவதையும் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் தண்ணீர்க் குடத்தைக்கூட நான்தான் தூக்குவேன், என் உறவினர்கள் என்னை ஏளனம் செய்தார்கள், அதைப் பொருட்படுத்தாமல் என் மனைவி முனைவர் ஆகவேண்டும் என்று நின்றேன். நேரம் வீணாகக்கூடாது என்பதற்காக ஒரு நீள நோட்டும் வாங்கிக் கொடுத்தேன். அம்மிணி, உங்கள் கணவர் அதே நோட்டை உங்களிடம் கொடுத்திருப்பதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது.

சென்ற தையில் வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காக அட்டாலியில் கிடந்தவற்றை இறக்கியபோது அந்த நோட்டு கிடைத்தது. வாரம் தவறாமல் சனிக்கிழமைக்குக் கீழே என் கையொப்பம் சிவப்பு மையில் இருந்தது. ஒரு பக்கத்தில் அவள் கையெழுத்தில் "எறும்புப் புற்றைப் பார்த்தது, 40 நிமிடம்" என்ற வரி, அதற்கு நேரே சிவப்பு மையில் "தேவையற்றது" என்று என் குறிப்பு. அந்த நாள் எனக்கு நினைவு வந்துவிட்டது. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. வேலியோரம் எறும்புகள் புல் விதைகளை வரிசையாக இழுத்துப்போய், உமியை வளையைச் சுற்றி வட்டமாகக் கொட்டியிருந்தன. அவள் குத்தவைத்து உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நேரமாச்சு, போலாமா?" என்றேன். "இன்னுங் கொஞ்ச நேரமுங்க" என்றாள். ஆய்வுச் சுருக்கத்தில் எறும்பே இல்லையே என்று நான் சொன்னேன். அவள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வந்து ஸ்கூட்டரில் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு அந்த நோட்டில் புற்று இல்லை. மழை வரும்போல இருந்ததால் நின்று பார்த்தது இல்லை, மாடு எந்தப் புல்லை விட்டுவிட்டுப் போகிறது என்று பின்னாலேயே நடந்தது இல்லை. முன்பக்கங்களில் அவையெல்லாம் இருந்தன. பின்பக்கங்களில் எண்ணிக்கை, எடை, நூலகம், தட்டச்சு என்று நான் குறை சொல்ல முடியாத வரிகள் மட்டும் இருந்தன. நான்காம் ஆண்டில் அவள் ஆய்வை விட்டுவிட்டாள். மகன் பிறந்ததுதான் காரணம் என்று நான் ஊருக்குச் சொன்னேன், எனக்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். நோட்டோடு அவள் முன்னால் போய் நின்று கேட்டபோது, அவள் கோபமே இல்லாமல் சொன்னாள்: "நீங்க எல்லாந்தான் பண்ணுனீங்க. சும்மா நிக்கறதுக்கு மட்டும் உடலீங்க."

அந்தப் புற்றிலிருந்து அவள் பெரிய கண்டுபிடிப்பைச் செய்திருப்பாள் என்று நான் சொல்லவில்லை. செய்யாமலும் போயிருக்கலாம். அது என்னவாயிருக்கும் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பை அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

இனி உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ள வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டில் நீங்கள் உண்மையை எழுதுகிறீர்களா? நான்கு ஆண்டு வயலில் நின்ற பெண்ணுக்கு வேடிக்கை பார்த்த நேரமே இல்லாமல் இருக்காது. அதை "தரவு பதிதல்" என்று எழுதியிருப்பீர்கள். ஆய்வேட்டில் ஒரு தசமப் புள்ளியைக்கூட மாற்ற மனம் வராத கை, சமாதானத்துக்காக வீட்டு நோட்டில் பொய்யை நிரப்பப் பழகுகிறதே, அது உங்களுக்கு உறுத்தவில்லையா? ஒருநாளும் கடிந்து பேசாதவர் என்கிறீர்கள். அவர் கடிந்து பேசும்படியான எதையும் ஒருநாளும் செய்யாமல் இருப்பவர் நீங்கள் என்றே நான் அதைப் படிக்கிறேன். போதாததற்கு, விண்ணப்பிக்கலாமா என்று முகம் தெரியாத இன்னொரு ஆணிடம் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். உங்களை நன்கறிந்த வழிகாட்டி சொல்லிவிட்ட பிறகு என் அனுமதி எதற்கு? இந்தக் கடிதத்தைத் தோழியின் முகவரியிலிருந்து அனுப்பியதிலேயே நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கு விடை இருக்கிறது.

பட்டறையை மட்டும் அவர் விற்க விடாதீர்கள். விற்ற பட்டறை ஒருநாள் தீர்க்கவே முடியாத கடனாக வந்து உங்கள் முன்னால் நிற்கும், அப்போது அவர் வாய் திறந்து கேட்கக்கூட வேண்டியிருக்காது.

உங்கள் கணவர் இதைப் படிப்பாரென்றால் அவருக்கும் ஒரு வார்த்தை. தம்பி, நான் செய்ததைத்தான் நீங்கள் செய்கிறீர்கள், நான் செய்த அதே அன்போடு. உங்கள் பட்டறையில் கைதேர்ந்த டர்னர் ஒருவர் இருப்பார். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு சுற்றையும் எண்ணினால் அவருக்குக் கை ஓடாது என்பது உங்களுக்குத் தெரியும், அதனால் அங்கே நீங்கள் நிற்கமாட்டீர்கள். இந்த ஐப்பசியில் கரும்பு பூக்கும்போது, விடியலில் உங்கள் மனைவியை வயலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விடுங்கள். எத்தனை மணிக்கு வரட்டும் என்று அவர் சொல்லட்டும். அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். முதல் வாரம் உங்களுக்குக் கடினமாக இருக்கும். நான் இப்போது, இந்த வயதில், அதைப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

அம்மிணி, என் மனைவி உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். கரும்பின் பூங்கதிரிலிருந்து உதிரும் விதை பஞ்சுபோல மிகச் சிறியதாக இருக்குமாமே, உங்கள் வயலோரத்து எறும்புகள் அதை இழுத்துப்போகின்றனவா, அல்லது தொடாமல் விட்டுவிடுகின்றனவா? புற்று இருக்கும் இடமாகப் பார்த்து ஒரு காலைப்பொழுது நின்று கவனித்துவிட்டு எழுதச் சொன்னாள். பதிலை எனக்கு வேண்டாம், அவள் பெயருக்கே, வேறு யாரும் திறக்காத உங்கள் சொந்த முகவரியிலிருந்து அனுப்புங்கள்.